விளம்பரத்துப் பெண்டாட்டி

எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடிப்பார்கள், மிக்சர் கொறிப்பார்கள், சுவரில் மாட்டியிருக்கும் படங்களையெல்லாம் யார் யாரென்று கேட்பார்கள். ஆனால் சம்பந்தம் பிடிக்காமல் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். கை நனைப்பது என்று அதற்குப் பெயர். இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்மதம். நனைக்காமல், "இன்னொரு நாளைக்கு ஆகட்டும்" என்று செருப்பைத் தேடினால், அந்த இன்னொரு நாள் வரவே வராது.

என் மகளுக்கு அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்திச்சி. மாப்பிள்ளைப் பையன் அதே பள்ளிக்கூடத்தில் இயற்பியல். இரண்டு பேரும் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டு, பெரியவர்களாகிய நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல நடிக்க எங்களுக்கு வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள். பையனுக்குக் களக்காடு. அப்பா வாழை விவசாயம். அவர் போனில் என் கணவரிடம் சொன்னார்: "வீட்டப் பாப்போம், பிள்ளையப் பாப்போம். எல்லாருக்கும் பிடிச்சிருந்தா கை நனைச்சிட்டே வந்துருதோம். தங்கச்சி கையால சொதி சாப்பிடணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை."

தங்கச்சி என்றது என்னைத்தான். முன்பின் பார்த்திராத மனிதருக்கு என் கைச் சொதி மேல் எப்படி ஆசை வந்தது என்று சொல்ல வேண்டுமானால், நான் செய்யும் தொழிலைச் சொல்ல வேண்டும்.

தச்சநல்லூரில் எங்கள் வீட்டுப் பின்னறைதான் என் ஒலிப்பதிவுக் கூடம். சுவரெல்லாம் பழைய மெத்தை, ஜன்னலுக்குக் கனத்த ஜமுக்காளம், ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர். பதிவு நேரத்தில் மின்விசிறியை அணைத்துவிட வேண்டும். ரயில் வந்தால் அது போகிறவரைக்கும் வாயை மூடிக்கொண்டு வியர்க்க வேண்டும். ஷேர் ஆட்டோவிலும் உள்ளூர்ச் சேனலிலும் கடைவாசல் ஸ்பீக்கரிலும் வருகிற விளம்பரங்களில் பாதி இந்த அறையில் பிறந்தவை. எழுதுவது நான், பேசுவது நான், வெட்டி ஒட்டிச் சரிசெய்வதும் நான். ஆண் குரல் வேண்டுமென்றால் என் கணவர். அவர் ஒரு அலுவலகத்தில் எழுத்தர். சாயங்காலம் வந்து முகம் கழுவிவிட்டு என் புருஷனாக நடித்துவிட்டுப் போவார்.

கடைக்காரர்களுக்கு ஜோடி விளம்பரம் என்றால் உயிர். இத்தனை வருஷத்தில் நான் பேசிய பெண்டாட்டிகளை வரிசையாக நிறுத்தினால் வண்ணார்பேட்டை வரைக்கும் நிற்பார்கள். எல்லோருக்கும் ஒரே சுபாவம். மிக்சி விளம்பரத்தில் எனக்கு இடுப்பு வலிக்கும், அவர் மிக்சி வாங்கி வந்ததும் வலி போய்விடும். பெயிண்ட் விளம்பரத்தில் நிறம் சொல்வது நான், தரம் பார்ப்பது அவர். வண்டி விளம்பரத்தில் நான் பின்னால்தான் உட்கார்ந்திருப்பேன், "மெதுவா போங்க" என்பது மட்டும்தான் எனக்கு வசனம். நிஜத்தில் எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது நான். அவர்தான் பின்னால் உட்கார்ந்து, ஆற்றுப்பாலம் தாண்டுகிறவரைக்கும் "பைய போளா, பைய போளா" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு வருவார்.

விளம்பரத்தில் புருஷன்மாருக்கு மட்டும் நல்ல பிழைப்பா என்றால் அதுவும் இல்லை. பர்ஸ் ஒன்றைத் தவிர அவனுக்கு வேறு லட்சணமே கிடையாது. தப்பித்தவறி அடுப்பைப் பற்றவைத்தான் என்றால் வீடு முழுக்கப் புகையும், பால் பொங்கி வழியும், நான் "ஐயையோ, நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்" என்று விரட்டுவேன். அந்த வசனத்தைப் பேசி முடித்ததும் என் கணவர் எழுந்துபோய் எங்கள் எல்லோருக்கும் தோசை சுடுவார்.

ஆமாம், எங்கள் வீட்டில் சமையல் அவர். அதற்குப் பின்னால் புரட்சியெல்லாம் ஒன்றும் இல்லை. கல்யாணமான புதிதில் நான் வைத்த ரசத்தை ஒரு வாரம் பொறுமையாகக் குடித்தார். அடுத்த வாரம் கரண்டியை வாங்கிக்கொண்டார். கோபத்தில் அல்ல, பசியில். கை அப்படியே பழகி, இன்றைக்கு அவர் வைக்கிற இஞ்சிப் பச்சடிக்கு ஈடு இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று சொல்வேன். பெண்டாட்டி பேச்சுதானே என்று நீங்கள் தள்ளிவிடலாம்.

ஆனால் வெளியே சொல்லக் கூடாது. அது அவருடைய கட்டளை. கல்யாண வீட்டில் ஆண்பிள்ளை அண்டாவுக்கு முன்னால் நின்றால் அது தொழில், கூப்பிட்டு மரியாதை செய்வார்கள். அதே ஆண்பிள்ளை தன் வீட்டு அடுப்புக்கு முன்னால் நின்றால் கேலி. ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கும் அவருடைய அண்ணன் தம்பிகளின் வாய்க்குப் பயந்து, அடுப்படி ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டுதான் தாளிப்பார். உறவுக்காரர் யாராவது வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்தில் போய்ப் பேப்பர் படிப்பார். நான் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பரிமாறுவேன். "கைமணம்னா இதுல்லா கைமணம்" என்பார்கள். நானும் அடக்கமாகத் தலையாட்டுவேன். ஓசியில் வருகிற புகழ் கசக்கவா செய்யும்?

எனக்கும் எரிச்சல் வந்ததுண்டு. பாத்திரக்கடை அண்ணாச்சி ஒருவர்தான் எங்களுக்குப் பெரிய வாடிக்கை. ஒருமுறை அவருக்கு மிக்சி விளம்பரம் எழுதும்போது, புருஷன் சட்னி அரைக்க, பெண்டாட்டி செருப்பைப் போட்டுக்கொண்டே "உப்பு பாத்துப் போடுங்க" என்று சொல்வதாக எழுதிக்கொண்டு போனேன். அண்ணாச்சி வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா இது? பொண்டாட்டி கோவிச்சிட்டுப் போனவன் கதையால்லா இருக்கு! பொம்பள கேக்கணும், ஆம்பள வாங்கணும். அப்பத்தான கடைக்கு ஜோடியா வருவாவ?"

"வீட்டுல எல்லாரும் அப்படியா இருக்காவ, அண்ணாச்சி?"

"வீட்டுல எப்படியும் இருந்துட்டுப் போட்டும். வீட்டுல இருக்க மாதிரியே இருந்தா அதுக்கு எதுக்கு விளம்பரம்?"

அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்து, அண்ணாச்சிக்குப் பிடிக்கிற மாதிரியே ஒரு குக்கர் விளம்பரம் எழுதினேன். தேனில் ஊறவைத்த பலாச்சுளை மாதிரி ஒரு குரல் வைத்துக்கொண்டு பேசினேன். "என்னங்க, களைச்சுப்போய் வந்திருப்பீங்க. கை கழுவிட்டு உக்காருங்க. சொதி சூடா இருக்கு!" வேண்டுமென்றே அளவுக்கு மீறிக் குழைந்தேன். கேலி என்று யாருக்காவது புரியும் என்று நினைத்தேன். அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த விளம்பரம் திருநெல்வேலி முழுக்க ஓடியது, களக்காட்டில் இருக்கும் அவருடைய கிளைக் கடை வாசலிலும் ஓடியது. தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு வைக்கிற குழம்புதான் சொதி. இந்த ஊரில் மாப்பிள்ளைக்கு விருந்து என்றால் அதுதான். அந்தச் சொதியை எனக்கு வைக்கத் தெரியாது என்பது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

பையனின் அப்பா போனை வைத்ததும் என் மகள் எங்கள் இருவர் முன்னாலும் வந்து நின்றாள்.

"வாரதுக்கு முன்னாலயே அவியள்ட்ட சொல்லிருங்க. அம்மாவுக்குச் சமைக்கத் தெரியாது, அப்பாதான் சமைக்காவன்னு. எனக்கும் தெரியாதுன்னு."

"ஏட்டி, கல்யாணம் முடியட்டும். பைய சொல்லிக்கிடலாம்" என்றார் என் கணவர். "ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணத்தப் பண்ணுன்னு சும்மாவா சொன்னாவ? நாம ஒண்ணே ஒண்ணுதான சொல்லுதோம்."

"அந்த ஒண்ணுக்குள்ள போயி நாந்தான இருக்கணும்? அவனுக்கு எல்லாம் தெரியும்ப்பா. அவன் அப்பாவுக்குத்தான் அந்த விளம்பரத்து மேல பைத்தியம். நாளைக்கு அங்கன போயி நான் அடுப்படியில முழிச்சிக்கிட்டு நின்னா, தாயி அப்படி, மக இப்படின்னு சொல்லுவாவ. எனக்கு அவனப் பிடிச்சிருக்கு. அதுக்காவ ஒரு விளம்பரத்துக்குள்ள போயி குடித்தனம் பண்ண முடியாது."

அவள் அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவர் செய்துவைத்ததைச் சாப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை. எனக்கு அவள் சொல்வதுதான் சரி என்று பட்டது. ஆனால் வருகிற சம்பந்தம் கைவிட்டுப் போய்விட்டால் அழப்போவதும் அவள்தானே என்று பயமாகவும் இருந்தது. இரண்டு பக்கமும் தலையாட்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே அவர் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டார். முதல் பால் கெட்டியாகத் தனியே, இரண்டாம் பால், மூன்றாம் பால் தனித்தனியே. பாசிப்பருப்பு வெந்து, முருங்கைக்காயும் உருளையும் பீன்ஸும் சின்ன வெங்காயமும் தண்ணிப்பாலில் கொதித்துக்கொண்டிருந்தன. என்னைக் கூப்பிட்டு அடுப்பைக் காட்டினார்.

"இங்க பாரு. அடுப்ப அணைச்சி, கொதி அடங்கின பெறவுதான் முதப்பால ஊத்தணும். எலுமிச்சம்பழம் அதுக்கும் பெறவு. நீ ஒண்ணையும் தொடாத. நான் கடைசியா வந்து ஊத்திக்கிடுதேன்."

அவர் கணக்கு சரிதான். ஆனால் வாழை வெட்டுகிற குடும்பம் கோழி கூவும்போதே எழுந்துவிடும் என்பதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. சொன்ன நேரத்துக்கு வெகு முன்பாகவே வாசலில் கார் வந்து நின்றது. அவர் குளியலறைக்கு ஓடினார். வெளுத்த வேட்டியோடு கூடத்துக்கு வந்தபோது நகக்கண்ணில் மஞ்சள் போகவில்லை.

பையனின் அப்பா உள்ளே வந்து, நான் "வாங்க" என்று சொன்னதும் அப்படியே நின்றுவிட்டார்.

"அதே குரல்லா! ஏலே, கேட்டியா, அதே குரலு!" மகனைத் தட்டினார். பிறகு என்னிடம், "தங்கச்சி, தப்பா நெனைக்காதிய. ஒரே ஒருக்க அதச் சொல்லுங்களேன். அந்தச் சொதி சூடா இருக்குங்கியத."

நான் என் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு சொன்னேன். "கை கழுவிட்டு உக்காருங்க. சொதி சூடா இருக்கு!" அவர் கைதட்டினார். விடியுமுன் எழுந்து சொதி வைத்தவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் மகள் அறைக் கதவு நிலையில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பையனின் அம்மாவும் சிரிக்கவில்லை. அவர் பொதுவாகவே பேசாத ஆள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா எழுந்தார். "மதினி, நீங்க ஒத்தையில கெடந்து கஷ்டப்படுதியளே. வாங்க, நானும் கூடமாட ஒத்தாசை பண்ணுதேன்" என்று எனக்கு முன்னாலேயே அடுப்படிக்குள் போய்விட்டார். கூடத்தில் என் கணவர் எழப் பார்த்தார். பையனின் அப்பா அவர் கையைப் பிடித்து, ஏத்தன் வாழைக்கு வருகிற நோயைப் பற்றி ஆரம்பித்திருந்தார்.

அடுப்பில் சொதி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் முதல் பால், வெள்ளை வெளேரென்று, ஒரு தூக்குச்சட்டியில். அந்த அம்மா பாலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு திருநெல்வேலிக்காரி அந்த இடத்தில் என்ன செய்வாளோ அதைச் செய்யக் காத்திருந்தார். என் கணவர் சொன்னதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. பாலை ஊற்ற வேண்டும் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. எடுத்து, எரிகிற அடுப்பின் மேல், கொதிக்கிற சொதியில், முழுசாகக் கவிழ்த்தேன்.

"ஏளா! அடுப்ப அணைச்சியா?"

கூடத்திலிருந்து என் கணவரின் சத்தம். கொதி அடங்கிப் பின் எழும்பிய ஓசையே அவருக்குப் போதும். அடுத்த நொடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் நின்றார். அடுப்பை அணைத்தார், கரண்டியை விட்டுத் தூக்கிப் பார்த்தார். பால் திரிந்து திட்டுத்திட்டாக மேலே மிதந்தது. அடியில் மஞ்சள் தண்ணீர் தெளிந்து நின்றது. "போச்சு" என்றார். பிறகுதான் தான் எங்கே, யார் முன்னால் நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. பையனின் அப்பாவும் பையனும் அடுப்படி வாசலுக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் என் மகள்.

"இது யாரு வச்ச சொதி?" என்று கேட்டார் அந்த அம்மா.

"அவதான்... நான் சும்மா..." என்று என் கணவர் இழுத்தார். கரண்டி இன்னும் அவர் கையில் இருந்தது.

எனக்குத் திடீரென்று அவர் மேல் அப்படியொரு பிரியமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இப்படி ஒரு சொதியை வைத்துவிட்டு, அதைத் தன்னுடையது என்று சொல்ல ஒரு மனுஷனுக்கு வாய் வரவில்லையே. "இவியதான் வச்சாவ, மதினி" என்றேன். "கெடுத்தது நான். எங்க வீட்டுல எந்நாளும் சமையல் இவியதான். எனக்கு வெந்நி வைக்கத் தெரியும்."

"அப்ப அந்தக் குரலு?" என்றார் பையனின் அப்பா.

"குரல் என்னோடது, அண்ணாச்சி. சொதி இவியளோடது."

பையனின் அப்பா தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார். "சரி... பயணக் களைப்பு வேற. அப்ப இன்னொரு நாளைக்கு..." என்று ஆரம்பித்தார். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது அந்த அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. புரையேறிவிட்டதோ என்று தண்ணீரைத் தேடினேன். சிரிப்பு. அடக்கிப் பார்த்து முடியாமல், புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். நின்று மூச்சு வாங்கிவிட்டு, சட்டிக்குள் எட்டிப் பார்த்து, மறுபடியும் சிரித்தார்.

"மதினி, உங்களுக்குத் தெரியாது" என்றார். "எங்க ஊருக் கடைவாசல்ல உங்க விளம்பரத்தப் போட்டதுலேருந்து இந்த மனுஷன் என்னய ஒரு வாய் நிம்மதியாத் திங்க விடல. 'அவ சொல்லுதா பாரு, எவ்வளவு பதனமாச் சொல்லுதா. நீயும் இருக்கியே, தட்ட நங்குன்னு வைக்க.' நானும் வெயில்ல வயக்காட்டுல நின்னுட்டுத்தான் வாரேன். எனக்கு எங்கேருந்து வரும் அந்தக் குரலு? எவ அவ, ஒருநா அவ மொகத்தப் பாக்கணும்னுதான் இன்னைக்கு வண்டி ஏறினேன்."

பாத்திரக்கடை அண்ணாச்சி மேல் இருந்த கோபத்தில் குழைந்து பேசிய ஒரு வரி, களக்காட்டில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. "மதினி..." என்று அவர் கையைப் பிடித்தேன்.

"விடுங்க. எனக்கு இப்பத்தான் வயிறு குளுந்திருக்கு" என்றவர், கூடத்துக்குப் போய் விரித்திருந்த பாயில், நடுவில் போட்டிருந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். அது அவர் வீட்டுக்காரருக்காகப் போட்டிருந்த இலை. "அண்ணாச்சி, பசிக்கு. சோறு வைங்க" என்றார் என் கணவரிடம்.

"தங்கச்சி, கொஞ்சம் பொறுங்க. தேங்காய் இருக்கு. அரை மணி நேரத்துல புதுசா வச்சிருதேன்" என்றார் அவர்.

"அதெல்லாம் வேண்டாம். எனக்கு இந்தச் சொதிதான் வேணும். திரிஞ்சதையே ஊத்துங்க."

அவர் ஊற்றினார். அந்த அம்மா சோற்றைக் குழியாக்கி, பிசைந்து, ஒரு கவளம் வாயில் போட்டு மென்றார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். "திரிஞ்சே இப்படி இருக்குன்னா, திரியாம இருந்தா எப்படி இருந்திருக்கும்!" என்று தன் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தார். "என்ன நிக்கிய? கை கழுவிட்டு வாங்க."

அந்த மனிதர் போய்க் கை கழுவிவிட்டு வந்து, ஓரத்து இலையில் உட்கார்ந்தார். பையன் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல் இஞ்சிப் பச்சடியைத் தொட்டு நக்கினான்.

அந்த அம்மா ஈரக்கையை இலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு என் மகளைக் கூப்பிட்டார். "ஏட்டி, இங்கன வா. உனக்காவது சொதி வைக்கத் தெரியுமா?"

என் கணவர் கரண்டியோடு அப்படியே நின்றார். மகள் அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்:

"தெரியாது, அத்தை."

"எம்மவனுக்கும் தெரியாது" என்றார் அந்த அம்மா. பாயில் தன் பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கினார். "அண்ணாச்சி, பிள்ளைக்கும் ஒரு இலை போடுங்க."